பரவால்ல மிஸ்ஸி

கடந்த மாதம் இரண்டு வாரம் காலை நிகழ்ச்சியில் என் குரல் கேட்கவில்லை என்று பலர் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தீர்கள். "எங்க பாப்பாவக் காணோம், கல்யாணமா?" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். கல்யாணம் எல்லாம் இல்லை. அம்மா மருத்துவமனையில் இருந்தார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். ரசம் வைக்கிறார், நான் குண்டாகிவிட்டேன் என்று திட்டுகிறார். ஆகவே, நலம்.

அம்மாவுக்கு 64 வயது. 15 வருடமாக இனிப்பு நீர். பூச்சட்டியை நகர்த்தும்போது காலில் சின்னக் கீறல். மஞ்சள் வைத்துவிட்டு மறந்துவிட்டார். நான்காவது நாள் முழங்காலுக்குக் கீழே வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்துவிட்டது. தோலுக்கு அடியில் கிருமித் தொற்று, மாத்திரை போதாது, ரத்தக்குழாய் வழியாக ஆண்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்று வார்டில் சேர்த்துவிட்டார்கள். வலது கையில் பிரானுலா. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கிளாக்சசிலின்.

மூன்றாவது நாள் மதியம் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போனேன். அம்மா கரண்டியை இடது கையால் பிடித்தார். சின்ன வயதில் நான் இடது கையால் முறுக்கு எடுத்தாலே கையில் ஓர் அடி விழும். அந்த அம்மா இடது கையால் சாப்பிடுகிறார் என்றால் ஏதோ சரியில்லை.

"வலது கைக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சாப்பாடு ஆறிடும், நீ பேசாம இரு."

போர்வைக்குள் இருந்த கையை இழுத்துப் பார்த்தேன். பிரானுலா இருந்த இடம் வீங்கியிருந்தது. தொட்டால் சூடு. அங்கிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு ரத்தக்குழாய், தோலுக்கு அடியில் கயிறு வைத்துத் தைத்தது போல் விறைத்து நின்றது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். முந்தின நாள் ராத்திரியிலிருந்தாம். மருந்து ஏறும்போதெல்லாம் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்ததாம். தாதியர் ஒவ்வொரு முறையும் "சாக்கிட் தாக்?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே "தாக் ஆப்பா, மிஸ்ஸி" என்று சொல்லியிருக்கிறார். பரவால்ல மிஸ்ஸி.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதில் உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். "பாவம், அந்தப் பிள்ளைங்க ராத்திரி பூரா ஓடுறாங்க. அதுல நான் வேறயா?"

நான் மிஸ்ஸியை அழைத்தேன். அவர் பார்த்த அடுத்த நிமிடமே பிரானுலாவைக் கழற்றினார். இடது முன்கையில், பெரிய ரத்தக்குழாயாகப் பார்த்து வேறொன்று போட்டார். வலியெடுத்த கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். "ஆன்ட்டி, நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அதில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது.

இதைச் சிரை அழற்சி என்கிறார்கள். மருந்து ஏறும் ரத்தக்குழாயின் உட்சுவர் புண்ணாகிவிடுகிறது. இதற்கு மூன்று காரணங்கள். முதலாவது மருந்தே எரிச்சல் கொடுப்பது. கிளாக்சசிலின், எரித்ரோமைசின், வான்கோமைசின் போன்றவை ரத்தக்குழாயை அதிகம் உறுத்தக்கூடியவை. அதனால்தான் அவற்றை நீர்க்கக் கலந்து மெதுவாக ஏற்றுகிறார்கள். மெல்லிய ரத்தக்குழாயில் ரத்த ஓட்டம் குறைவு, மருந்து அங்கேயே தங்கி உறுத்தும். பெரிய ரத்தக்குழாயில் உடனே ரத்தத்தோடு கலந்து ஓடிவிடும். இரண்டாவது, பிரானுலா உள்ளே அசைந்து உரசுவது. மணிக்கட்டு, முழங்கை போன்ற மடங்கும் இடங்களில் இது அதிகம். மூன்றாவது, ஊசி வழியாகக் கிருமி புகுவது. மூன்றும் வெளியே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். வலி, வீக்கம், சூடு, சிவப்பு.

ஊசி இடத்தை மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் ரோதர்ஹாம் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜாக்சன் என்ற தாதி உருவாக்கியது. 0 முதல் 5 வரை. லேசான வலி அல்லது லேசான சிவப்பு இருந்தாலே 1. வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் 2, அப்போதே பிரானுலாவை இடம் மாற்ற வேண்டும். ரத்தக்குழாய் கயிறு போல் கைக்குத் தட்டுப்படுவது 4. அம்மா ‘பரவால்ல’ சொல்லிச் சொல்லியே 4 வரைக்கும் போய்விட்டார்.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மருத்துவப் பாடப் புத்தகங்களில் ‘சிவப்பு’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கொஞ்சம் கூடுதலாகக் கறுத்தது போல, ஊதா கலந்தது போலத் தெரியும். சில நேரம் ஒன்றுமே தெரியாது. வார்டு விளக்கு வெளிச்சத்தில், ராத்திரி மூன்று மணிக்கு, எவ்வளவு கவனமான தாதியும் அதைத் தவறவிடலாம். ஆகவே கண்ணை மட்டும் நம்பக்கூடாது. இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். வீக்கமும் விறைப்பும் இருக்கிறதா என்று லேசாகத் தொட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். தோல் காட்டிக்கொடுக்காதபோது குரல்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் அம்மாவை மட்டும் குறை சொல்லிவிட்டு இந்தப் பத்தியை முடித்திருப்பேன். அடுத்தது என் தவறு.

ஐந்தாவது நாள், காலில் இருந்த புண்ணிலிருந்து எடுத்த மாதிரியின் சோதனை முடிவு வந்தது. எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமி. கிளாக்சசிலினுக்கு அடங்காத வகை. மருந்தை வான்கோமைசினுக்கு மாற்றினார்கள்.

இந்த வான்கோமைசினுக்கும் நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1950களின் தொடக்கத்தில், போர்னியோ காட்டின் உட்பகுதியிலிருந்து ஒரு சமயப் பரப்பாளர் அமெரிக்காவின் இலை லில்லி நிறுவனத்துக்கு ஒரு பிடி மண் அனுப்பினார். அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருளிலிருந்து பிறந்ததுதான் இந்த மருந்து. 1958இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆரம்பத்தில் அது அவ்வளவு சுத்தமாக இல்லை. பழுப்பு நிறத்தில் இருந்ததால் ‘மிசிசிப்பி சேறு’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இன்று சுத்தமாகவே வருகிறது. ஆனாலும் ஒரு நிபந்தனை மாறவில்லை. இதை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. ஒரு கிராம் மருந்து ஏற 100 நிமிடம். எப்படிப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அன்று மதியம் முதல் டிரிப் ஏறத் தொடங்கியது. பார்வையாளர் நேரம் முடிய அரை மணி நேரம்தான் இருந்தது. கோலாலம்பூருக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். போவதற்கு முன் அம்மாவைச் சாப்பிட வைத்துவிட வேண்டும். டிரிப் சொட்டுச் சொட்டாக, தூங்கி வழிந்துகொண்டு இறங்கியது. குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருக்குமே, சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க? அதைத் திருப்பிவிட்டேன். கொஞ்சம்தான் என்று நினைத்தேன். சொட்டுகள் ஓட ஆரம்பித்தன. எனக்குத் திருப்தி.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. அம்மா தலையைச் சொறிந்தார். பிறகு பிடரி. பிறகு காது மடல். முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் இந்த முறை அம்மா சொன்னார்.

"பாப்பா, கழுத்தெல்லாம் எறும்பு ஊறுற மாதிரி இருக்கு. அடுப்புகிட்ட நிக்கிற மாதிரி காந்துது. மிஸ்ஸியக் கூப்பிடு."

கூப்பிட்டேன். மிஸ்ஸி வந்து முதலில் டிரிப்பை நிறுத்தினார். ரத்த அழுத்தம், நாடி, உயிர்வாயு அளவு பார்த்தார். டாக்டர் வந்தார், இளம் தமிழ்ப் பெண். மூச்சு விடச் சிரமமா, நாக்கு தடிக்கிறதா, நெஞ்சு இறுக்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. அரிப்பை அடக்கும் மருந்து கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் அம்மா பழையபடி ஆகிவிட்டார். "யாராவது வேகத்தை மாத்தினீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நானும் ஒரு கணம் ‘இல்லை’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு சொல்லிவிட்டேன். நான்தான் டாக்டர்.

அவர் திட்டவில்லை. நான் சொன்னது எவ்வளவு முக்கியம் என்று விளக்கினார். வான்கோமைசின் வேகமாக ஏறினால் உடம்பில் உள்ள சில செல்களை நேரடியாகத் தூண்டிவிடும். அவை ஹிஸ்டமின் என்ற பொருளை ஒரே நேரத்தில் கொட்டும். அதனால்தான் முகம், கழுத்து, மேல் உடம்பு எல்லாம் காந்தி அரிக்கிறது. பார்க்க அலர்ஜி போலவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் அலர்ஜி அல்ல. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த மருந்தை எதிரியாக ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் உண்மையான அலர்ஜி. இது வேகத்தால் வரும் வினை. வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மருந்தைத் தொடர முடியும். அம்மாவுக்கும் அன்று மாலை, டாக்டர் முடிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்துத் தொடர்ந்தார்கள். மறுபடி வரவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்? அம்மாவின் கோப்பில் ‘வான்கோமைசின் அலர்ஜி’ என்று எழுதியிருக்கக்கூடும். அடக்க முடியாத கிருமிக்கு இருக்கும் சில மருந்துகளில் ஒன்றை, என் அவசரத்தால், அம்மாவுக்கு வாழ்நாள் முழுக்க இல்லாமல் செய்திருப்பேன். அந்த நினைப்பு இப்போதும் என்னை விடவில்லை.

இந்த எதிர்வினைக்கு ஆங்கிலத்தில் பல ஆண்டுகளாக ‘சிவப்பு மனிதன்’ என்று பொருள்படும் பெயர் இருந்தது. அண்மை ஆண்டுகளில் மருத்துவர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டு, மருந்தேற்ற எதிர்வினை என்றே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லா மனிதர்களும் சிவப்பதில்லை என்பதும் ஒரு காரணம். அம்மா சிவக்கவே இல்லை. அவர் சொன்னதால்தான் தெரிந்தது.

அப்படியானால் அரிப்பெல்லாம் சாதாரணம்தானா என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையான அலர்ஜி உயிரை எடுக்கக்கூடியது. ஆண்டிபயாடிக் ஏறிய சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, வாந்தி, கண் இருட்டுவது என்று வந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது. உடனே மணியை அழுத்துங்கள், யாரும் வராவிட்டால் கத்துங்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அப்போது உயிர் காக்கும். எது அலர்ஜி, எது வேகத்தின் வினை என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அது டாக்டரின் வேலை. நம் வேலை சொல்வது மட்டும்தான்.

வீட்டுக்குப் போன பிறகு வருபவையும் உண்டு. சில நாள் கழித்து மேலெல்லாம் சின்னச் சின்னத் தடிப்பு வருவது அடிக்கடி நடப்பது. அதைக் கிளினிக்கில் காட்ட வேண்டும். ஆனால் தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், முகவீக்கம், கொப்புளம், தோல் உரிவது இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது வேறு கதை. மருந்து முடிந்து சில வாரம் ஆகியிருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்று சொல்லும் ஒருவராவது நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். எப்போது, என்ன ஆனது என்று கேட்டால், "சின்ன வயசுல, பாட்டி சொன்னாங்க" என்பார். அமெரிக்கக் கணக்குப்படி, 10 பேரில் ஒருவர் தனக்குப் பென்சிலின் ஆகாது என்று சொல்கிறார். சோதித்துப் பார்த்தால் அப்படிச் சொல்பவர்களில் 10க்கு 9 பேருக்கு மேல் உண்மையில் அலர்ஜி இல்லை. இருந்தவர்களிலும் ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்கு 10 ஆண்டுகளில் அது விலகிவிடுகிறது. வயிற்றுப்போக்கையும், கை எரிச்சலையும், காய்ச்சல் தடிப்பையும் அலர்ஜிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அதற்காக வீட்டிலேயே ஒரு மாத்திரை போட்டுப் பார்க்காதீர்கள், அது விபரீதம். டாக்டரிடம் கேட்டு முறையாகச் சோதித்துக்கொள்ளலாம்.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று, மருந்தாளுநர் ஒருவர் எங்களோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். அவர் சொன்னதையும், நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத் தருகிறேன். வெட்டி எடுத்து ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

டிரிப் சக்கரத்தைத் தொடாதீர்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஓடவில்லை என்றால் தாதியைக் கூப்பிடுங்கள்.

‘கொஞ்சம் வலிக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எங்கே, எப்போதிலிருந்து, மருந்து ஏறும்போது மட்டுமா, எப்போதுமா என்று சொல்லுங்கள். அப்பா அம்மாவுக்கு மலாய் சரளமாக வராவிட்டால் தாதியிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

ஊசி போட்ட கையில் தைலம் தேய்த்து உருவிவிடாதீர்கள். நம் வீட்டில் முதலில் கை போகும் இடம் தைலப் புட்டிதான், தெரியும். புண்ணான ரத்தக்குழாயை அழுத்தித் தேய்க்கக்கூடாது. விறைப்பு இளகச் சில வாரம் ஆகலாம். சீழ், காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் திரும்பிப் போய்க் காட்டுங்கள்.

காய்ச்சல் இறங்கி, வாய் வழியாகச் சாப்பிட முடிகிறது என்றால், "மாத்திரைக்கு மாற்றலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தேவையில்லாத பிரானுலா ஒரு நாள் முன்னதாகக் கழன்றாலும் லாபம்தான்.

எந்த எதிர்வினை வந்தாலும் கைப்பேசியில் குறித்துவையுங்கள். மருந்தின் பெயர், தேதி, எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது, என்ன கொடுத்தார்கள். தடிப்பு இருந்தால் பகல் வெளிச்சத்தில் ஒரு படம். உண்மையான அலர்ஜி என்று உறுதியானால், அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் ‘காட் அலாஹான் உபாட்’ என்ற மருந்து அலர்ஜி அட்டை கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். பக்க விளைவு பற்றி நாமே நேரடியாக தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏவுக்குத் தெரிவிக்கலாம். அதற்குப் பொதுமக்களுக்கென்றே ‘கான்செர்ஃப்’ என்ற படிவம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவின் வலது கையில் அந்த ரத்தக்குழாய் இன்னும் லேசாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை என்றார். நான் நம்பாமல் முறைத்தேன்.

"நெசமாவே இல்லடி. இருந்தா சொல்ல மாட்டேனா?"

இனிமேல் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது வார்டில் இருந்தால், அடுத்த முறை போகும்போது முதலில் போர்வையை விலக்கிக் கையைப் பாருங்கள். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.